பணியிடக் கணினியில் நிகழ்பட ஓடைச் சிக்கல்கள்

இணைய நிகழ்பட ஓடை என்பது ஒரு நிகழ்படத்தை முழுவதுமாகத் தரவிறக்கி முடிக்கும் வரை காத்திராமல், அது வந்து சேரச் சேரவே கணினித் திரையில் ஓடவிடும் முறையாகும். பேச்சு வழக்கில் இது ஸ்ட்ரீமிங் எனப்படுகிறது. வீட்டில் தடையின்றி ஓடும் ஒரு நிகழ்படம் அலுவலகக் கணினியில் நின்று நின்று ஓடுவதும், வெறும் கறுப்புத் திரையாகத் தெரிவதும், அறவே ஓட மறுப்பதும் பலரும் எதிர்கொள்ளும் சிக்கல்கள் ஆகும். பயிற்சி வகுப்புகளும் நிறுவனக் கூட்டங்களும் நிகழ்படமாகவே நடத்தப்படும் இடங்களில் இதனைப் பொழுதுபோக்கு தொடர்பான குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

இத்தகைய வேளைகளில் பயனர் முதலில் ஐயுறுவது தம் கணினியைத்தான். உலாவியை நீக்கி மீண்டும் நிறுவுவதும், சில நேரங்களில் இயங்குதளத்தையே புதிதாக நிறுவுவதும் உண்டு. ஆனால் பணியிடத்தில் கணினிக்கும் நிகழ்படத்தை அனுப்பும் வழங்கிக்கும் இடையே வீட்டில் இல்லாத பல கருவிகள் அமைந்துள்ளன. அவற்றுட் சில நிகழ்படத்தைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டவை. வேறு சில பிற நோக்கங்களுக்காக வைக்கப்பட்டு, நிகழ்படத்துக்கும் இடையூறாக அமைபவை. ஆகவே பழுது எந்த இடத்தில் உள்ளது என்று அறிவதே இதில் முதன்மையான வேலை. அதற்கு ஓடை எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

செயற்படும் முறை

பெரிய நிகழ்படத் தளங்கள் ஒரு நிகழ்படத்தை ஒரே நீண்ட கோப்பாக அனுப்புவதில்லை. சில நொடிகள் மட்டுமே ஓடக்கூடிய சிறு துண்டுகளாக அதனைப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் ஆயத்தமாக வைத்திருக்கின்றன. உலாவியில் இயங்கும் பிளேயர் நிரல், துண்டுகள் வந்து சேரும் வேகத்தை அளந்துகொண்டே, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. இணைப்பு மந்தமானால் 1080 வரித் தரத்திலிருந்து 480 வரித் தரத்துக்கு இறங்கிவிடும். படம் திடீரென மங்கலாவது பழுதன்று. ஓட்டம் நின்றுவிடாமல் இருக்கப் பிளேயர் செய்யும் ஏற்பாடு.

வந்த துண்டுகள் உடனே திரைக்குச் செல்வதில்லை. இடையகம் அல்லது பஃபர் எனப்படும் நினைவகப் பகுதியில் சிறிது நேரம் தங்குகின்றன. இதனை வீட்டின் மேல்நிலைத் தொட்டிக்கு ஒப்பிடலாம். தெருக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டியில் நீர் இருக்கும் வரை வீட்டுக் குழாயில் சீராகக் கொட்டும். தொட்டி வற்றியபின்தான் குழாய் நிற்கும். திரையின் நடுவில் சுழலும் வட்டம் தொட்டி வற்றியதைக் காட்டும் அறிகுறியாகும்.

பதிவு செய்யப்பட்ட நிகழ்படத்துக்கு இடையகம் பெரிதாக இருக்கலாம். நேரலைக்கு அவ்வாறு முடியாது. இன்னும் நிகழாததை முன்கூட்டியே சேமிக்க வழியில்லை. காணொளிக் கூட்டத்துக்கோ இடையகம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், ஒருவர் பேசி மற்றவர் மறுமொழி கூறும் இடைவெளி ஒரு நொடிக்குக் கூட நீளக் கூடாது. ஆகவே ஒரே கணினியில் பழைய நிகழ்படம் நன்றாக ஓடுவதும், நேரலை தடுமாறுவதும், கூட்டத்தில் குரல் உடைந்து கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மூன்றுக்கும் ஒரே நிலையற்ற இணைப்பு காரணமாக இருக்கலாம்.

வரலாறு

புரோகிரசிவ் நெட்வொர்க்சு நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் ரியல் ஆடியோவையும், 1997-ஆம் ஆண்டில் ரியல் வீடியோவையும் வெளியிட்டது. அக்காலத்து ஓடைகள் தமக்கெனத் தனி நெறிமுறைகளைக் கொண்டிருந்தன. ஆர்டிஎஸ்பி நெறிமுறை 554 என்ற துறை எண்ணையும், மைக்ரோசாப்டின் எம்எம்எஸ் 1755-ஐயும், பிளாஷ் நிகழ்படங்களுக்கான ஆர்டிஎம்பி 1935-ஐயும் பயன்படுத்தின. வலைப்பக்கங்களுக்கான 80, 443 ஆகிய இரு துறைகளை மட்டும் திறந்து வைத்திருந்த அலுவலகத் தீயரண்கள் இவற்றை உள்ளே விடவில்லை. அந்நாளில் "எந்தத் துறை மூடியுள்ளது?" என்பதே முதற் கேள்வியாக இருந்தது.

நிகழ்படத்தைச் சாதாரண வலைப்பக்கம் போலவே எச்டிடிபி வழியாக அனுப்பும் முறைகள் இந்நிலையை மாற்றின. ஆப்பிள் நிறுவனத்தின் எச்எல்எஸ் 2009-இலும், பன்னாட்டுத் தரமான எம்பெக்-டேஷ் 2012-இலும் வெளிவந்தன. 2005-ஆம் ஆண்டில் பிளாஷ் நுட்பத்துடன் தொடங்கிய யூடியூப், 2015 சனவரியில் எச்டிஎம்எல்5 முறையை இயல்பான முறையாக ஆக்கியது. பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியது. மைக்ரோசாப்டின் சில்வர்லைட் 2021 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. சில நிறுவனங்களின் பழைய பயிற்சிப் பாடங்கள் எந்த உலாவியிலும் திறவாமற் போனதற்கு இதுவே காரணம். அவற்றைப் புதிய வடிவுக்கு மாற்றுவதன்றி வேறு சீரான வழி இல்லை.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. 2008-இல் பரவிய கூப்ஃபேஸ் என்னும் புழு, நண்பர் அனுப்பியது போன்ற செய்தியால் பயனரை ஒரு நிகழ்படப் பக்கத்துக்கு இழுத்து, "பிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்க வேண்டும்" என்று கூறித் தன்னையே நிறுவச் செய்தது. நிகழ்படம் ஓடாதபோது பயனர் எதையும் நிறுவ ஆயத்தமாக இருப்பார் என்பதைத் தீநிரல் எழுதுவோர் நன்கு அறிந்துள்ளனர். பிளாஷைப் புதுப்பிக்கச் சொல்லும் செய்தியை இன்று எங்கு கண்டாலும் அது மோசடி என்றே கொள்ளலாம்.

பழுதின் இடத்தை அறிதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது இதற்கான எளிய வழி. அதே கணினியில் வேறொரு தளத்தின் நிகழ்படம் ஓடுகிறதா? அதே நிகழ்படம் பக்கத்து மேசைக் கணினியில் ஓடுகிறதா? வேறு உலாவியில் ஓடுகிறதா? பக்கத்துக் கணினியிலும் ஓடவில்லை என்றால் தன் கணினியைத் துருவுவதில் பயனில்லை. நிறுவனத்தின் விதிகள் இடமளித்தால் அதே கணினியைக் கைப்பேசி இணைப்பில் சேர்த்துப் பார்ப்பது தெளிவான விடையைத் தரும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் நீட்சிகள் பெரும்பாலும் இயங்குவதில்லை. பழைய குக்கிகளும் இருப்பதில்லை. அங்கு மட்டும் நிகழ்படம் ஓடினால் விளம்பரத் தடுப்பான் போன்ற ஒரு நீட்சியோ, கெட்டுப்போன சேமிப்போ காரணமாக இருக்கும்.

இவற்றைவிடக் கூர்மையான கருவி ஒன்று யூடியூபிலேயே உள்ளது. ஓடும் நிகழ்படத்தின் மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்ற தெரிவைக் காணலாம். அது காட்டும் எண்களுள் இரண்டு இங்கு முக்கியமானவை. இடையகத்தில் இன்னும் எத்தனை நொடிக்கான படம் மீதமுள்ளது என்பது ஒன்று. திரையில் காட்டப்படாமல் கைவிடப்பட்ட படச்சட்டங்கள் எத்தனை என்பது மற்றொன்று. இடையகம் படிப்படியாகக் குறைந்து சுழியத்தைத் தொட்டபின் படம் நின்றால், குறை வலையமைப்பில் உள்ளது. இடையகம் நிறைந்திருக்கும்போதே படம் துள்ளித் துள்ளி ஓடி, கைவிடப்பட்ட சட்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றால், தரவு வந்துவிட்டது, அதனை விரித்துக் காட்டக் கணினியால் இயலவில்லை என்று பொருள். முன்னதற்கு உலாவியை மாற்றுவதும் பின்னதற்கு இணைய வேகத்தைக் கூட்டுவதும் வீண்.

பிற தளங்களில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்துவிட்டுப் பக்கத்தை மீளேற்றலாம். வழங்கிகள் அனுப்பும் நிலை எண்கள் அங்குத் தெரியும். 403 என்பது அனுமதி மறுப்பு. 407 என்பது இடையிலுள்ள பதிலாள் வழங்கி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது என்பதாகும். 502, 504 ஆகியவை இடை வழங்கி ஒன்றுக்கு அப்பாலிருந்து ஒழுங்கான மறுமொழி வரவில்லை என்பதைக் குறிக்கும். எண் ஏதுமின்றிக் கோரிக்கை தொங்கிக்கொண்டிருந்தால் தீயரண் அதனை ஓசையின்றி விழுங்கியிருக்கக் கூடும்.

பணியிட வலையமைப்பின் பங்கு

பக்கம் திறக்கிறது, தலைப்பும் கருத்துரைகளும் தெரிகின்றன, படம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது என்பது அலுவலகங்களுக்கே உரிய அறிகுறி. பக்கம் வரும் முகவரியும் படம் வரும் முகவரியும் வெவ்வேறாக இருப்பதே இதற்குக் காரணம். யூடியூப் பக்கம் யூடியூப்.காம் என்ற பெயரிலிருந்தும், படத் துண்டுகள் கூகுள்வீடியோ.காம் என்ற பெயரின் கீழுள்ள வழங்கிகளிலிருந்தும் வருகின்றன. வலையமைப்பு நிருவாகி முதற்பெயரை மட்டும் அனுமதித்து, இரண்டாவதை மறந்திருக்கலாம். பயிற்சித் தளங்கள் பலவும் படங்களை வேறொரு நிறுவனத்தின் உள்ளடக்க வழங்கற் பிணையத்தில் வைத்திருப்பதால் அவற்றிலும் இவ்வாறு நேர்கிறது.

பல நிறுவனங்கள் மறையாக்கம் செய்யப்பட்ட தரவையும் இடைமறித்து, பிரித்துச் சோதித்து, தம் சொந்தச் சான்றிதழுடன் மீண்டும் மறையாக்கிக் கணினிக்கு அனுப்புகின்றன. அச்சான்றிதழ் கணினியில் நிறுவப்படாவிட்டால் இணைப்பு முறிந்துவிடும். இயங்குதளத்தில் நிறுவப்பட்ட சான்றிதழ்களை நம்பும் குரோமில் நிகழ்படம் ஓடி, தனக்கெனத் தனித் தொகுப்பு வைத்திருக்கும் பயர்பாக்சின் பழைய பதிப்புகளில் ஓடாமற் போனதற்கு இது ஒரு காரணம். கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னால் சென்றிருந்தாலும் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். அப்போது நிகழ்படம் மட்டுமன்றி எல்லாத் தளங்களும் எச்சரிக்கை காட்டும் என்பதால் வேறுபாட்டை எளிதில் உணரலாம். சோதனைக் கருவியின் வேகமும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு துண்டையும் நச்சுநிரல் தேடி நிறுத்தி வைத்து அனுப்பும் கருவி, மின்னஞ்சலுக்குத் தெரியாத தாமதத்தை நிகழ்படத்தில் வெளிப்படுத்திவிடும்.

குவிக் என்னும் புதிய நெறிமுறை 2021-இலும், அதன்மேல் இயங்கும் எச்டிடிபி/3 2022-இலும் தரமாக்கப்பட்டன. இவை டிசிபிக்கு மாற்றாக யூடிபி முறையில் 443-ஆம் துறையைப் பயன்படுத்துகின்றன. பழைய தீயரண் விதிகள் டிசிபி 443-ஐ மட்டும் அனுமதிப்பதுண்டு. முற்றாகத் தடுத்திருந்தால் உலாவி டிசிபிக்குத் திரும்பிக்கொள்ளும். பயனர் எதையும் உணரமாட்டார். பாதி பொதிகளை விட்டுப் பாதியைத் தடுக்கும் விதிதான் தொல்லை தருவது. காணொளிக் கூட்டங்களும் யூடிபியையே விரும்புகின்றன. மைக்ரோசாப்ட் டீம்சு 3478 முதல் 3481 வரையிலான துறைகளையும், சூம் 8801 முதல் 8810 வரையிலான துறைகளையும் பயன்படுத்துகின்றன. அவை மூடியிருந்தால் கூட்டம் டிசிபி வழியாக நடைபெறும். ஆனால் தொலைந்த ஒவ்வொரு பொதிக்காகவும் காத்திருந்து குரல் தேங்கித் தேங்கி வரும்.

இனி, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் பகிர்வு என்ற ஒன்று உள்ளது. நெட்பிளிக்சு நிறுவனம் 1080 வரித் தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்புள்ள ஓர் அலுவலகத்தில் 40 பேர் ஒரே நேரத்தில் இவ்வேகத்தில் படம் பார்த்தால் 200 மெகாபிட் தேவைப்படும். தலைவரின் உரையை 300 பேர் தத்தம் மேசையிலிருந்து நேரலையாகக் காணும் நாளில் 1500 மெகாபிட் தேவை. ஒரே உரைதான் என்றாலும் ஒவ்வொருவருக்கும் தனிப்படி அனுப்பப்படுகிறது. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு படியை வைத்துப் பகிரும் சேமிப்பு வழங்கிகள் இதற்கு நல்ல தீர்வு. அவை இல்லாத இடத்தில் அனைவரும் ஓர் அரங்கில் கூடி ஒரே திரையில் பார்ப்பது சிக்கனமானது.

இத்தகைய நெருக்கடி நாடளவிலும் ஏற்பட்டதுண்டு. 2020 மார்ச்சில் கோவிட் முடக்கத்தால் மக்கள் வீட்டிலிருந்து பணிபுரியத் தொடங்கியபோது, ஐரோப்பிய ஆணையத்தின் வேண்டுகோளை ஏற்று நெட்பிளிக்சு அங்குத் தன் ஓடைகளின் அளவைக் குறைத்தது. இந்தியாவிலும் நிகழ்பட நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் 480 வரித் தரத்துக்கு மேல் வழங்குவதில்லை என்று ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன.

வேகச் சோதனைத் தளம் நிறைவான எண்ணைக் காட்டியும் கூட்டம் தடுமாறினால், திசைவிகளில் பொதிகள் தேங்குவது காரணமாக இருக்கலாம். யாரோ ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது திசைவி அப்பொதிகளை எறியாமல் நீண்ட வரிசையில் நிறுத்துகிறது. குரற்பொதியும் அதே வரிசையின் கடைசியில் நிற்க நேர்கிறது. பஃபர்புளோட் எனப்படும் இக்குறையைச் சிம் கெட்டிசு பரவலாக எடுத்துரைத்தார். கேத்லீன் நிக்கோல்சு, வான் சேக்கப்சன் ஆகியோர் 2012-இல் இதற்குக் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டனர். பதிவேற்றம் நடக்கும்போதும் நின்றபின்னும் பிங் கட்டளையை இயக்கி, மறுமொழி நேரங்களை ஒப்பிட்டால் இதனைக் கண்டுகொள்ளலாம். 20 மில்லிநொடி பல நூறாக உயர்ந்தால் ஐயம் உறுதியாகும். காப்புப்படி எடுக்கும் மென்பொருளை இரவுக்கு மாற்றுவதாலேயே பகற்கூட்டங்கள் சீரடையலாம்.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாகப் பணிபுரிவோருக்கு வேறொரு சுற்று வழி உண்டு. எல்லாப் போக்குவரத்தும் நிறுவன வாயிலுக்குச் சென்று திரும்புமாறு அமைக்கப்பட்டிருந்தால், அருகிலுள்ள வழங்கியிலிருந்து வரவேண்டிய படம் வேறொரு நாடு வரை சென்று வரும். நம்பகமான நிகழ்படச் சேவைகளை மட்டும் நேரடியாகச் செல்ல விடும் பிரிப்பு முறையை மைக்ரோசாப்ட் 2020-இல் தன் அலுவலகச் சேவைகளுக்குப் பரிந்துரைத்தது. டிஎன்எஸ் வழங்கி தொலைவில் இருந்தாலும் இதே விளைவு ஏற்படலாம். உள்ளடக்கப் பிணையங்கள் பல, கேள்வி வந்த டிஎன்எஸ் வழங்கியின் இடத்தை வைத்தே பயனரின் இடத்தைக் கணிக்கின்றன.

கணினியின் பங்கு

கணினியே காரணமாகும் நேர்வுகளும் இல்லாமல் இல்லை. நிகழ்படம் ஒரு குறிமுறையில் சுருக்கப்பட்டு வருகிறது. 2003-இல் வெளிவந்த எச்.264 குறிமுறையை விரிக்கும் சுற்று ஏறக்குறைய எல்லா அலுவலகக் கணினிகளிலும் உண்டு. 2013-இன் விபி9, 2018-இன் ஏவி1 ஆகியவற்றுக்கு அவ்வாறு கூற இயலாது. பழைய கணினியில் அவ்வேலை மையச் செயலகத்தின் மேல் விழும். விசிறி இரையும், சட்டங்கள் கைவிடப்படும். தரத்தை 720 வரியாகக் குறைப்பதே அங்கு உடனடித் தீர்வு. படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ சிதைந்தால் வரைவியல் அட்டையின் இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்; உலாவியில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்த்தும் இதனை உறுதி செய்யலாம்.

ஐரோப்பிய ஆணையம் 2004-இல் இட்ட ஆணையின் விளைவாக உருவான விண்டோசு என் பதிப்புகளில் ஊடகக் கூறுகள் இருப்பதில்லை. மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் ஊடகத் தொகுப்பைச் சேர்க்கும் வரை சில நிகழ்படங்கள் அவற்றில் ஓடா.

கட்டணத் தளங்களின் படங்கள் உரிமக் காப்புடன் வருகின்றன. தொலைமேசை வழியாகவோ திரைப் பகிர்வு வழியாகவோ அவற்றைப் பார்த்தால் ஒலி கேட்கும், படம் கறுப்பாக இருக்கும். இது திட்டமிட்ட ஏற்பாடு. மெய்நிகர் மேசைகளில் காப்பில்லாத படமும் துள்ளும், ஏனெனில் அது தொலைவிலுள்ள கணினியில் விரிக்கப்பட்டு, திரைப்படியாக மீண்டும் சுருக்கப்பட்டு வருகிறது. ஒலி மட்டும் இல்லையெனில் பெரும்பாலும் குறை சிறியது: ஒலிபெருக்கி இல்லாத திரையகத்துக்கு எச்டிஎம்ஐ வடம் வழியே ஒலி சென்றுகொண்டிருக்கும். 2018 ஏப்ரலில் வெளிவந்த குரோம் 66 முதல், பயனர் சொடுக்காமல் தானாகத் தொடங்கும் நிகழ்படங்களை ஒலியுடன் ஓட உலாவி பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

தடையும் அனுமதியும்

நிறுவனம் வேண்டுமென்றே தடுத்துள்ள தளத்தை இலவச விபிஎன் அல்லது இணையப் பதிலாள் மூலம் திறப்பது பழுதுநீக்கம் ஆகாது. அவ்வாறு செய்பவர் நிறுவனத் தரவு செல்லும் கணினியை முன்பின் அறியாத ஒருவரின் வழங்கியுடன் இணைக்கிறார். பணி விதிகளை மீறியவராகவும் ஆகிறார். பாடத்துக்கு உண்மையாகவே தேவைப்படும் தளம் என்றால் நிருவாகியிடம் கேட்டு அனுமதி பெறுவது விரைவானதும் ஆகும், கேட்கும் முறை சரியாக இருந்தால்.

"வீடியோ ஓடவில்லை" என்ற ஒற்றை வரியைக் கொண்டு நிருவாகியால் எதையும் தேட முடியாது. நிகழ்ந்த நாளும் மணித்துளியும், பக்கத்தின் முழு முகவரி, எஃப்12 சாளரத்தில் தோல்வியுற்ற முகவரியும் அதன் நிலை எண்ணும், கம்பி இணைப்பா கம்பியில்லா இணைப்பா என்பது, விபிஎன் இயங்கியதா என்பது, பக்கத்துக் கணினியில் கிடைத்த விளைவு ஆகியவற்றைக் குறிப்பிட்டால், அவர் தீயரணின் பதிகைகளில் அதே மணித்துளிக்குச் சென்று எந்த விதி அப்பொதிகளை நிறுத்தியது என்று பார்த்துவிடலாம்.